அடியில்லாத அகப்பை

பாயில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். சோற்றுக் கிண்ணம் நான்கு வந்தது.

ஜப்பான் மண்ணில் அது எனக்கு இரண்டாம் நாள். நைலோன் நூலில் வலை முடியவும் பழுது பார்க்கவும் பழகிக்கொண்டு வா என்று எங்கள் சாய்ந்தமருது மீனவர் சங்கத்தார் என்னை அனுப்பியிருந்தார்கள். நான் சங்கத்தின் காரியதரிசி. கடலுக்குப் போகிறவன் அல்ல, போகிறவர்களுக்காகக் கடிதம் எழுதுகிறவன். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மீன்பிடிக் கிராமத்தில், ஹருயே என்ற விதவையின் வீட்டில் என்னைத் தங்க வைத்தார்கள். மூன்றாவது ஆள் மோரி. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கும் இளம் வாத்தியார், எனக்கு மொழிபெயர்ப்பதற்காக வந்தவர்.

நான்காவது கிண்ணத்துக்குரியவர் வரட்டும் என்று நான் கை வைக்காமல் காத்திருந்தேன். ஹருயே அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவரோடு இருந்த சிறிய அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஓர் ஆணின் படம். அதன் முன்னால் கிண்ணத்தை வைத்து, சின்ன மணியொன்றைத் தட்டிவிட்டுக் கதைக்கத் தொடங்கினார். பிரார்த்தனை மாதிரி இல்லை. சந்தைக்குப் போய் வந்த புருஷனுக்கு வீட்டுப் புதினம் சொல்கிற மாதிரி இருந்தது.

“என்ன சொல்கிறார்?” என்று மோரியிடம் கேட்டேன்.

“சிலோனில் இருந்து ஒருவர் வந்திருக்கிறார், இறைச்சி சாப்பிட மாட்டாராம், மீன் போதுமாம் என்று சொல்கிறார்.”

“யாரிடம்?”

“கணவரிடம். அவர் கடலில் இறந்து ஆறு வருடம்.”

என் கையிலிருந்த குச்சி நழுவிச் சோற்றுக்குள் விழுந்தது. மோரி அதைப் பார்த்தும் பாராதவர் போலச் சூப்பை உறிஞ்சினார். ஹருயே திரும்பி வந்து உட்கார்ந்து, “ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள்” என்றார்.

நான் பயந்தாங்கொள்ளி அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பேய்க்கதைக்குப் பெயர் போனவனே நான்தான். கொழும்பு நடைபாதையில் வாங்கிய பழைய இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்துவிட்டு, கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து கதை சொல்வேன். கல்மாளிகை, தானாகத் திறக்கும் கதவு, கல்லறைக்குள் மக்காமல் கிடக்கும் பிரபு, அவன் குடிக்கும் இரத்தம். சிலுவையைக் கண்டு பேய் ஓடுகிற இடம் வந்தால், சிலுவையை எடுத்துவிட்டு ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தைப் போட்டுக்கொள்வேன். எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பேய் எரிந்து சாம்பலானதும் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு, அலுமாரிக்குள் இருந்த ஒரு படத்துக்கு முன்னால் ஒரு பிடி சோறு உள்ளே போகவில்லை. எங்கள் மார்க்கத்தில் மௌத்தானவர் திரும்பி வந்து வீட்டுச் சோறு தின்பதில்லை. ஆனால் எனக்கு அதிர்ச்சி தந்தது அது மட்டும் அல்ல. அந்த வீட்டில் பயம் என்பதே இல்லை.

அடுத்த நாள் காலையில் வயிறு ஒரு வழியாகச் சமாதானமானது. ஹருயே மரக்கட்டை மாதிரி ஒன்றைச் சீவிச் சீவிக் கொதிநீரில் போட்டார். மணம் மூக்கில் ஏறியதும் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். மாசிக் கருவாடு! எங்கள் வீட்டுச் சம்பலுக்கு இடிக்கிற அதே மாசி. இதை எங்கள் ஊரில் தேங்காய்ப்பூவோடும் கொச்சிக்காயோடும் இடிப்போம் என்று மோரி மூலம் சொன்னேன். ஹருயே வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, நேராக அலுமாரியைத் திறந்து அதையும் கணவரிடம் சொன்னார். இந்தத் தடவை குச்சியை நழுவ விடாமல் பிடித்துக்கொண்டேன்.

தேநீர்தான் கடைசிவரை ஒத்துவரவில்லை. பாலும் இல்லை, சீனியும் இல்லை, நிறம் புல்லைக் கழுவிய தண்ணீர். சீனி கேட்டபோது மருந்து குடிக்கவா என்று கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, நூல் செய்கிற தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது. சாரதியும் நடத்துனரும் இறங்கி எல்லோருக்கும் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் பஸ் நின்றால் சாரதிதான் பிரயாணிகளை ஏசுவார். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த மீன் லொறி ஒன்றில் மோரியும் நானும் ஏறினோம். நான் கதவோரம், மோரி நடுவில்.

ஒரு சுரங்கப் பாதையின் வாயில் லொறி நின்றது. சாரதி ஏதோ சொன்னான். மோரி என்னிடம், “கொஞ்சம் உள்ளே ஒதுங்கி உட்காருங்கள். கதவைத் திறந்துவிடுங்கள்” என்றார். திறந்தேன். வெளியே மழையைத் தவிர வேறொன்றும் இல்லை. சாரதி பொறுத்திருந்தான், பிறகு தலையை ஆட்டினான். “இனிக் கதவைச் சாத்தலாம்” என்றார் மோரி.

“என்ன இது?”

“ஒரு பெண் ஏறியிருக்கிறாள். மழை நாளில் இவ்விடத்தில் நிற்பாளாம். பாலத்தடியில் இறங்குவாள்.”

என் இடது பக்கத்தில், கதவோரம் ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்துத் தோள் முழுக்க எனக்குச் சிலிர்த்துவிட்டது. வாய்க்குள் ஓதத் தொடங்கினேன். பாலத்தடியில் லொறி மறுபடி நின்றது. நானே கதவைத் திறந்தேன், நானே சாத்தினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு சாரதியிடம் கேட்கச் சொன்னேன். “உனக்குப் பயம் இல்லையா?”

அவன் யோசித்துவிட்டுச் சொன்னதை மோரி மொழிபெயர்த்தார்: “பாலத்துக்கு அப்பால் அவளுடைய பிள்ளை இருக்கிறது. பிள்ளையைப் பார்க்கப் போகிறாள். மழைக்குள் நடந்து போ என்று எப்படி விடுவது?”

நான் படித்த புத்தகங்களில் இப்படி ஒரு சாரதி இல்லை. அவற்றில் அவன் வண்டியைக் கவிழ்த்திருப்பான், அல்லது பாதிரியாரை அழைத்து வந்து சுரங்கத்தில் தீர்த்தம் தெளித்திருப்பான்.

வலைக் கொட்டிலில் எனக்கு நைலோன் முடிச்சைப் பழக்கியவர் சோகிச்சி. நாற்பது வயதிருக்கும். கதை குறைவு. பருத்தி நூலுக்குப் போடும் முடிச்சு நைலோனில் நிற்காது, வழுக்கிவிடும், இரட்டையாகச் சுற்றி இறுக்க வேண்டும். நான் போட்ட முடிச்சுகளை அவர் விரலால் ஒரு தள்ளுத் தள்ளுவார், எல்லாம் ஓடிப்போய் ஒரு மூலையில் சேர்ந்துவிடும். கோபப்பட மாட்டார். மறுபடி செய்து காட்டுவார். அவரோடு ஆறேழு பெண்களும் அங்கே வலை முடிந்தார்கள்.

ஆவணி மாத வெயில் வந்தது. எங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் உடம்பு எரியுமே, அதற்குக் குறையாத வெக்கை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெண்களில் ஒருத்தி, “பேய்க்கதை சொல்லுங்கள், உடம்பு குளிரட்டும்” என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மோரி விளக்கினார். இங்கிலீஷ்காரருக்குப் பேய்க்கதை குளிர்காலத்தில் அடுப்படியில் சொல்வது. இவர்களுக்கு அது கோடைக் கதை, பயத்தில் உடம்பு சில்லிட்டால் வெக்கை குறையுமாம். அதோடு, இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கிப் போகும் மாதமும் அதுதான்.

என் முறை வந்ததும் உஷாராகிவிட்டேன். கல்முனையில் பத்துத் தடவை சொல்லிப் பேர் வாங்கிய கதையை எடுத்தேன். செத்தும் மக்காத பிரபு, இரத்தம் இழந்து வெளிறிப்போகும் பெண்கள், கடைசியில் ஊரார் கல்லறையைத் திறந்து அவன் நெஞ்சில் மர ஆப்பை அறைவது. மோரியும் நன்றாகவே மொழிபெயர்த்தார். முடித்துவிட்டு முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் பயந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் என்னைக் கவலையோடு பார்த்தார்கள்.

“அந்த மனிதர் எப்படிச் செத்தார்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“புத்தகத்தில் அது இல்லை.”

“பெண்சாதி பிள்ளைகள் இருந்தார்களா?”

“தெரியாது.”

“அவருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?”

“இரத்தம்” என்றேன்.

“அது பசிக்கு. வேண்டியது என்ன?”

ஹருயேயின் வயதுள்ள ஒருத்தி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “ஒன்றும் கேட்காமலா நெஞ்சில் ஆப்பு அறைந்தார்கள்?” என்றாள். அவள் குரல் நடுங்கியது. கதையில் பேயை விட்டுவிட்டு மனிதரைக் கண்டு அவர்கள் நடுங்கினார்கள். இத்தனை வருடமாக நான் சொல்லி வந்த கதை, என் கண் முன்னாலேயே மறுபக்கமாகத் திரும்பிவிட்டது.

அப்போதுதான் சோகிச்சி வாயைத் திறந்தார்.

“எங்கள் கடலில் ஒரு பேய் உண்டு. கடலில் செத்தவர்களின் பேய். மூடுபனிக்குள் இருந்து ‘அகப்பை தா’ என்று கேட்கும். தோணிக்குள் விழும் தண்ணீரை இறைக்கிற அகப்பை. கொடுத்தால், அதாலேயே கடல் தண்ணீரை அள்ளி ஊற்றித் தோணியைத் தாழ்த்திவிடும். அதனால் எல்லாத் தோணியிலும் அடியை வெட்டிய அகப்பை ஒன்று இருக்கும். அதை எறிந்துவிட்டு வந்துவிட வேண்டும். அடியில்லாத அகப்பையால் எவ்வளவு அள்ளினாலும் தோணி தாழாது.”

நல்ல தந்திரம் என்று நான் சிரித்தேன். சோகிச்சி சிரிக்கவில்லை.

“யுத்தம் முடிந்த அடுத்த வருடம் ஊரில் சாப்பாடு இல்லை. பனியோ காற்றோ, எல்லோரும் கடலுக்குப் போனோம். ஒரு விடியற்காலை பனிக்குள் குரல் கேட்டது. ‘தா’ என்றது. தோணியில் இருந்த பெரியவர்கள் ‘அகப்பை கேட்கிறது’ என்றார்கள். நான்தான் எடுத்து எறிந்தேன். துடுப்பைப் போட்டு வந்துவிட்டோம். கரைக்கு வந்த பிறகு, என் தம்பி போன தோணி வரவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் தம்பியின் உடல் கரையொதுங்கியது. அதே கரையில், கொஞ்சம் தள்ளி, அந்த அகப்பையும் கிடந்தது.”

யோசிக்காமல் வாயை விட்டேன்.

“அது பேய் என்று எப்படித் தெரியும்? உயிரோடு கிடந்த ஆளாக இருந்தால்?”

மோரி என்னைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்க்கவில்லை. சோகிச்சி, “என்ன கேட்கிறார்?” என்றார். மோரி தலையைக் குனிந்துகொண்டார். சோகிச்சி மறுபடி கேட்டார். மோரி மெல்லச் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்துவிட்டது.

அந்தக் கேள்வியை வாயில் எடுத்ததற்காக என்னை அங்கேயே புதைத்திருக்கலாம். அந்தப் பெண்கள் எல்லோருக்கும் கதை முன்பே தெரியும் என்பதும், பத்து வருடமாக ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சோகிச்சி கையிலிருந்த முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“எனக்குக் கேட்டது ‘தா’ மட்டும்தான். அதற்கு முன்னால் இருந்த சொல்லைக் காற்று கொண்டுபோய்விட்டது. ‘அகப்பை தா’ என்று கேட்டானோ, ‘கை தா’ என்று கேட்டானோ தெரியாது.”

அவர்களுடைய மொழியிலும் நம்முடையதைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. மோரி அதை இங்கிலீஷில் விளக்கச் சிரமப்பட்டார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தமிழில் அது அப்படியே வந்து விழுந்தது.

“அவன் பேயாக இருந்திருந்தால் நல்லது. பேய் என்றால் வருடா வருடம் வருவான். நான் அடியுள்ள அகப்பையைக் கொடுக்கலாம். ஆளாக இருந்திருந்தால் இனி என்னால் ஒன்றும் கொடுக்க முடியாதே” என்றார் சோகிச்சி.

இங்கிலீஷ் கதையில் வெளியே இருந்து ஒன்று வீட்டுக்குள் வர முயலும். அதைக் கொன்றால் கதை முடிந்தது. இந்தக் கதையில் கொல்வதற்கு ஒன்றுமில்லை. வந்தது வீட்டுப் பிள்ளை, கதவைச் சாத்தியது வீட்டார். வெயில் கொளுத்திய அந்த மத்தியானத்தில் என் முழங்கை வரை குளிர்ந்து கிடந்தது.

மூன்று நாள் கழித்து, பொழுது சாய்கிற நேரத்தில் ஊரார் காகித விளக்குகளையும் சிறு வைக்கோல் தோணிகளையும் கடலில் விட்டார்கள். விருந்துக்கு வந்த, மௌத்தான தங்கள் ஆட்களை வழியனுப்புகிறார்கள். ஹருயே தன் கணவருக்கு மாசி சீவி வைத்திருந்தார். சோகிச்சியின் தோணியில் ஒரு புது அகப்பை இருந்தது. அதன் அடியை அவர் விரல் மடக்கி இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். நான் தூரத்தில், ஒரு வள்ளத்தின் பக்கத்தில் நின்றேன். அந்தச் சடங்கு எனக்குரியது அல்ல. ஆனாலும் கரையை விட்டுப் போக முடியவில்லை.

மாரி தொடங்குவதற்கு முன் ஊருக்கு வந்து சேர்ந்தேன். சங்கக் கட்டிடத்தில் நைலோன் வலையைத் தொங்கவிட்டு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். சோகிச்சி செய்தது போல விரலால் தள்ளிக் காட்டினேன். இம்முறை ஓடவில்லை. எல்லோரும் இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு, ஒருவர் கேட்டார்: “சரி தம்பி, வலையைக் காட்டிட்டாய். ஜப்பான் பேய் ஒண்டும் கொண்டரல்லியா?”

சிரிப்பு எழுந்தது. நான் அடியில்லாத அகப்பையின் கதையைச் சொன்னேன். சோகிச்சி ‘தா’ என்று சொன்ன இடம் வந்ததும் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முடிப்பதற்குள் ஒருவர் எழுந்து வெளியே போனார். மீராசாகிபுக் காக்கா. எங்களில் மூத்த ஆண்களைத் தமிழரும் சேர்த்து எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாகத் தோணி வைத்திருப்பவர், சங்கத்தில் மூத்த அங்கத்தவர், எதற்கும் அவசரப்படாத மனிதர். தொழுகைக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு எங்கள் வீட்டு வேலி வாசலில், கடப்படியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“தம்பி, நேத்து நீ செல்லின கதை ஜப்பான்லதான் நடந்ததா?”

“ஓம் காக்கா. அந்த ஆள் அவர்ர வாயால செல்லினது. நான் பக்கத்துல இருந்தன்.”

“ஆராவது உனக்கிட்ட எங்கட கதையைச் செல்லி, நீ அதை ஜப்பான் எண்டு மாத்திச் செல்லல்லியே?”

அவர் கடப்பு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு வருசமாகுது. மௌலூது ஓதுற மாசம். விடியச் சுபஹு தொழுதிட்டுத் தோணியைத் தள்ளினம். மழைத் தூத்தல், நாலு பாகத்துக்கு அங்கால ஒண்டும் தெரியல்ல. பெரியநீலாவணைக்கு நேரா வரக்குள்ள வெளிக்கடல் பக்கமாக் குரல் கேட்டுது. தோணியை ஓட்டுற தண்டையல் செல்லிட்டார், ஆளைக் காணாமக் குரல் கேட்டா வாய் திறக்கப்படாது, மூணு தரம் கூப்பிட்டா ஆள், ரெண்டோட நிண்டா ஜின்னு எண்டு. ரெண்டு தரம் கேட்டுது. மறுகா கேக்கல்ல. துடுப்பைப் போட்டு வந்திட்டம்.”

“என்ன எண்டு கூப்பிட்டது காக்கா?”

“காக்கா எண்டு.” அவர் கண் நிறைந்துவிட்டது. “முந்தின நாள் பெரியநீலாவணையில சின்னத் தோணியில தனியப் போன பரமன் திரும்பி வரல்ல எண்டு பொறகுதான் தெரிஞ்சுது. இண்டைக்கு வரைக்கும் மையித்தும் கிடைக்கல்ல. அவனுக்கு என்னைத் தெரியும், என்ர தோணியையும் தெரியும். ஜின்னுக்கு என்னத்துக்குத் தம்பி நான் காக்கா? மூணாந்தரம் கூப்பிட அவனுக்குத் தெம்பு இருந்திருக்காது.”

கதை சொல்லிப் பேர் வாங்க நினைத்தவன் நான். சங்கத்தில் அத்தனை பேர் நடுவில், தெரியாமல், அந்த மனிதரின் நெஞ்சில் ஆப்பை அறைந்திருக்கிறேன்.

“நான் என்ன செய்ய?” என்று கேட்டார், தன்னைவிட இருபது வயது இளைய என்னிடம்.

சோகிச்சிக்குத் திரும்பி வருகிற ஒரு தம்பி இருந்தான். வருடத்துக்கு ஒருமுறை அவனுக்குக் கொடுக்க ஒரு வழி இருந்தது. எங்களுக்கு அந்த வழி இல்லை. உயிரோடு இருக்கிறவர்களிடம்தான், பரமனின் வீட்டாரிடம்தான் போக வேண்டும். அதைச் சொன்னேன். “நீயும் வா” என்றார் காக்கா.

அடுத்த நாள் பஸ்ஸில் பாண்டிருப்பு, மருதமுனை எல்லாம் தாண்டிப் போனோம். இறங்கவேண்டிய இடத்தில் காக்கா இறங்காமல் இருந்துவிட்டார். நான் தோளைத் தொட்டு எழுப்பியதால் கொஞ்சம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம்.

பரமனின் மனைவி பூமணி வளவில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய பொட்டு. கழுத்தில் தாலி. நான்கு வருடமாக அவர் அதைக் கழற்றவில்லை. ஒருவரும் சாகக் காணாத மனுஷனை எப்படிச் செத்தவர் என்பது என்று கேட்பாராம்.

“வாங்க காக்கா” என்றார்.

அந்தச் சொல்லில் மீராசாகிபுக் காக்கா அடி விழுந்தவர் போலத் தடுமாறினார். பாய் போடப் போனவரைத் தடுத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தண்டையல் மீது பழியைப் போடவில்லை. “தோணி என்ர, திருப்பச் செல்லியிருக்கலாம். நான் பயந்திட்டன்” என்றார்.

பூமணி கருவாட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. நான் கூச்சலை எதிர்பார்த்தேன். அயலவர் ஓடி வருவார்கள், மண்ணை அள்ளி எறிவார் என்று நினைத்து நின்றேன்.

“எத்தினை தரம் கூப்பிட்டவர்?” என்று பூமணி கேட்டார்.

“ரெண்டு தரம்.”

“அழுதவரா?”

“இல்ல. தெருவில கண்டா எப்பிடிக் கூப்பிடுவார், அப்பிடி.”

அவருடைய உதடு கோணியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டார். அடக்க முடியவில்லை. அந்த அழுகை எழுந்தபோது நாங்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஓய எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்டைக்கு என்ன நாள்?” என்று கேட்டார்.

“மௌலூது மாசம், பிறை ஒம்பது. எங்கட வீட்டுல கந்தூரிச் சாப்பாடு அண்டுதான், அதால மறக்கல்ல.”

பூமணி விரலை மடக்கி எண்ணினார். “பிறை ஒம்பதெண்டா வளர்பிறை நவமி. இல்லாட்டித் தசமி. கார்த்திகை மாசம்.” இரண்டாவது தரமும் எண்ணிப் பார்த்தார். “அவர் போன நாள்தான் தெரியும், திவசம் குடுக்க நாள் தெரியாமக் கிடந்த. ஐயரிட்டக் கேட்டு வைக்கிறன்.”

காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூமணி கையை உயர்த்தி நிறுத்தினார். குரலில் மன்னிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா, என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

“ஒண்டும் செல்ல வேணாம். அவர் உங்களத் தெரிஞ்சுதான் கூப்பிட்டவர். அந்த நாளைக்கு நீங்க வரவேணும். வந்து இந்த வாசல்ல நிக்க வேணும். இந்தத் தரம் வாங்க.”

“ஓம் தங்கச்சி” என்றார் காக்கா. “வாறன்.”

அந்தக் கார்த்திகையில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். மழை பெய்துகொண்டிருந்தது. சடங்கு முடியும்வரை காக்கா குடையை விரிக்காமல் வாசலில் நின்றார்.